அடித்தல் வேறு, அழித்தல் வேறு

வீட்டுக் கடனோ காப்பீடோ, எந்த விண்ணப்பத்தைக் கொடுத்தாலும் ‘கேன்சல் செய்த செக் லீஃப் ஒன்று வையுங்கள்’ என்கிறார்கள். நாமும் காசோலையின் குறுக்கே இரண்டு கோடு இழுத்து, நடுவில் ‘கேன்சல்டு’ என்று எழுதிக் கொடுக்கிறோம். அந்தத் தாளைக் காட்டி ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. ஆனால் கணக்கு எண், கிளையின் குறியீடு, கணக்குக்காரர் பெயர் எல்லாம் அதில் தெளிவாகத் தெரியும். தெரிவதால்தான் கேட்கிறார்கள். கிழித்துப் போட்ட காசோலையும் மை பூசி மறைத்த காசோலையும் இந்தக் காரியத்துக்கு ஆகாது. பணம் தரும் வலு போய்விட்டது, சாட்சி சொல்லும் வலு அப்படியே இருக்கிறது.

கேன்சலேஷன் என்ற சொல்லின் நீண்ட வரலாறு முழுவதும் இந்த ஒரு தாளில் இருக்கிறது. ரத்து என்றதும் ‘இல்லாமல் ஆக்குவது’ என்றே நாம் புரிந்துகொள்கிறோம். சொல் பிறந்த இடத்தில் அந்தப் பொருள் இல்லை. அங்கே அது கோடு போடுகிற காரியம். கோட்டுக்கு அடியில் இருந்த எழுத்தை அப்படியே விட்டுவைக்கிற காரியம். இந்த வேறுபாட்டை மறந்தால் சட்டத்திலும் பொதுவாழ்விலும் நாம் இழப்பது அதிகம் என்று நினைக்கிறேன்.

லத்தீனில் ‘கான்செல்லி’ என்றால் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டம் அடித்த தடுப்பு, அதாவது கிராதி. நீதிமன்றத்திலும் பொது அரங்கிலும் கூட்டத்தைத் தள்ளி நிறுத்த ரோமானியர்கள் அதை வைத்தார்கள். ‘கான்சர்’ என்ற சொல்லின் சிறுமைவடிவம் அது. கேன்சர் என்று நாம் சொல்லும் நோய்க்கும் இதற்கும் தொடர்பில்லை. நோயின் பெயர் நண்டைக் குறிக்கும் இன்னொரு சொல்லிலிருந்து வந்தது. இரண்டும் லத்தீனில் ஒரே வடிவில் வழங்கின. கிராதியைக் குறிக்கும் கான்சர், சிறையைக் குறிக்கும் ‘கார்செர்’ என்ற சொல்லில் ஒரு ரகரம் திரிந்து உண்டானது என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. தமிழிலும் மலையாளத்திலும் கிராதிக்கு ‘அழி’ என்றொரு பெயர் உண்டு. அழித்தல் என்ற வினைக்கும் அதற்கும் உறவு உண்டு என்று நான் வாதிடவில்லை. ஒலி ஒத்திருப்பது தற்செயலாகவே இருக்கலாம்.

கான்செல்லியிலிருந்து ‘கான்செல்லாரே’ என்ற வினை வந்தது. கிராதிபோல் ஆக்குவது என்று பொருள். எழுதியதன்மேல் சாய்வாகக் கோடுகள் இழுத்து, அவற்றுக்கு எதிர்ச்சாய்வில் மேலும் கோடுகள் இழுத்தால், எழுத்து கிராதிக்குப் பின்னால் நிற்கும். பழைய பிரெஞ்சு வழியாக இந்த வினை 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குப் போனது. கேன்சலேஷன் என்ற பெயர்ச்சொல் 16ஆம் நூற்றாண்டில் வந்தது.

அதே கிராதி வேறு திசைகளிலும் கிளைவிட்டது. தேவாலயத்தில் மக்கள் இருக்கும் பகுதிக்கும் பலிபீடப் பகுதிக்கும் நடுவே கிராதி இருந்ததால், உட்பகுதிக்கு ஆங்கிலத்தில் சான்சல் என்று பெயர். எலும்பின் உள்ளே பஞ்சுபோல் பின்னியிருக்கும் பகுதியை மருத்துவர்கள் கேன்சலஸ் எலும்பு என்கிறார்கள். நீதிமன்றக் கிராதியருகே நின்று, யாரை உள்ளே விடுவது என்று பார்த்துக்கொண்டவர் ‘கான்செல்லாரியுஸ்’. வாயிற்காவலராகத் தொடங்கிய அந்தப் பதவி எழுத்தராகி, செயலராகி, அரச முத்திரையை வைத்திருப்பவராகி, கடைசியில் ஜெர்மனியின் ஆட்சித் தலைவராகவும் பிரிட்டனின் நிதியமைச்சராகவும் பல்கலைக்கழகங்களின் சான்சலராகவும் உயர்ந்தது. நாம் அந்தச் சான்சலரை வேந்தர் என்கிறோம்.

இந்தக் கிராதியின் தன்மையை மிக நன்றாகப் புரிந்துகொண்டவர் கசியோடோரஸ். 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியை ஆண்ட கோத்தியர் அரசில் உயர்பதவி வகித்தவர் அவர். தம்மிடம் பணியேற்ற யோவான் என்ற கான்செல்லாரியுஸுக்கு அவர் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. உன் பதவியின் பெயரை எண்ணிப் பார், நீ நிற்கிற இடத்தில் எதையும் ஒளிக்க முடியாது, உன் கதவு பார்வையை மறைக்காத கதவு, உள்ளே செய்வதெல்லாம் வெளியே தெரியும் என்பது அதன் சாரம். சுவர் வழியையும் மறைக்கும், பார்வையையும் மறைக்கும். கிராதி வழியை மட்டும்தான் மறிக்கும். ஓர் ஆவணத்தின்மேல் கிராதி வரைவதற்கும் இதுவே பொருள். இந்த எழுத்தின் வழியாக இனி யாரும் எந்த உரிமையையும் அடைய முடியாது. ஆனால் இதைப் பார்க்கலாம், படிக்கலாம், இது இருந்தது என்று சொல்லலாம்.

இந்த முறை ரோமானியர் கண்டுபிடித்ததல்ல. கடனை முடிக்கும் வழக்கங்களை இன்னும் பின்னோக்கிப் பார்த்தால் இரண்டு மரபுகள் தெரிகின்றன. ஒன்று ஆவணத்தையே ஒழிப்பது. பழைய பாபிலோனியாவில் கடன் பத்திரம் ஒரு களிமண் பலகை. கடன் தீர்ந்ததும் பலகையை உடைப்பார்கள். ‘பலகையை உடைத்தல்’ என்பதே ஒப்பந்தம் முடிந்தது என்பதற்கான சட்டத்தொடர். பலகை தொலைந்துபோயிருந்தால், பின்னால் எங்கே அகப்பட்டாலும் அதை உடைத்துவிட வேண்டும் என்று தனிப்பலகை எழுதிக்கொள்வார்கள். ஹம்முராபியின் சட்டத் தொகுப்பில் 48ஆம் விதி மனத்தைத் தொடுவது. புயலிலோ வெள்ளத்திலோ விளைச்சல் போய்விட்டால், அல்லது தண்ணீரில்லாமல் தானியம் விளையாவிட்டால், கடன்பட்டவர் அந்த ஆண்டு தானியம் திருப்பித் தர வேண்டியதில்லை. தம் பலகையை நனைத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டுக்கு வட்டியும் இல்லை. நனைந்த களிமண்ணில் பழைய எழுத்தைத் திருத்தலாம் என்பதே அதன் அடிப்படை. கி.பி. 118இல் ரோமப் பேரரசர் ஹாட்ரியன், அரசுக்கு மக்கள் செலுத்த வேண்டிய 90 கோடி செஸ்டர்ஷியஸ் பழைய நிலுவையைத் தள்ளுபடி செய்தபோது அந்தக் கணக்குகளை டிராஜன் மன்றத்தில் வைத்துக் கொளுத்தினார். மக்கள் கண்ணால் பார்த்து நம்ப வேண்டும் என்பதற்காக மூட்டப்பட்ட தீ அது. பின்வரும் அரசர் யாரும் பழைய கணக்கைக் கையிலெடுக்க முடியாது என்ற உறுதியும் அதில் இருந்தது.

இரண்டாவது மரபு கோடு போடுவது. எகிப்தின் உலர்ந்த மணல் காப்பாற்றித் தந்த கிரேக்கமொழிப் பாப்பிரஸ் கடன் பத்திரங்கள் பலவற்றின்மேல் பெருக்கல் குறிபோன்ற கோடுகள் மேலிருந்து கீழ்வரை ஓடுகின்றன. கடன் அடைபட்டதும் போட்ட கோடுகள் அவை. பெருக்கல் குறியின் வடிவில் இருக்கும் கிரேக்க எழுத்தின் பெயரை வைத்தே இந்தச் செயலுக்கு அவர்கள் வினைச்சொல் உண்டாக்கியிருந்தார்கள். கடன் அடைத்தவர் கோடு போட்ட பத்திரத்தைக் கையில் வாங்கிக்கொள்வார். அது அவருக்குப் பற்றுச்சீட்டு. பத்திரம் உடைந்துபோனால் ‘கடன் இருந்தது, தீர்ந்துவிட்டது’ என்று காட்ட அவரிடம் எதுவும் மிஞ்சாது. கோட்டுக்கு அடியில் கடன் படிக்கக் கிடைப்பதால்தான், தீர்ந்தது எந்தக் கடன் என்று தெரிகிறது. இன்றைய ஆய்வாளர்களுக்கும் இதனால் லாபம். யார் யாரிடம் எவ்வளவு வாங்கினார், எந்த வட்டிக்கு, எத்தனை மாதத் தவணையில் என்பதெல்லாம் இந்தத் தீர்ந்த பத்திரங்களிலிருந்து கிடைக்கிறது.

ரோமானியச் சட்டம் இந்த இரண்டாவது மரபை நுட்பமாக வளர்த்தது. பேரரசர் ஜஸ்டினியன் தொகுப்பித்த டைஜஸ்ட் என்ற சட்டநூலில் உயில்களில் அடிக்கப்பட்டவை பற்றி ஒரு தலைப்பு தனியாக இருக்கிறது. கான்செல்லாரே என்ற வினையை அங்கே உல்பியன் என்ற சட்ட அறிஞர் பயன்படுத்துகிறார். அவர் சொல்லும் விதி எளியது. உயிலில் படிக்க முடிகிற ஒரு பகுதி கவனக்குறைவால் அடிபட்டிருந்தால் அது செல்லும். வேண்டுமென்றே அடித்திருந்தால் செல்லாது. கோடு என்பது வெறும் மைக்கீற்று. அதற்குச் சட்ட வலு தருவது போட்டவரின் எண்ணம். எழுத்து படிக்கும்படி எஞ்சியிருந்தால்தான் அந்த எண்ணத்தை ஆராயவே முடியும்.

அதே தலைப்பில் கி.பி. 166இல் நடந்த ஒரு வழக்கு பதிவாகியிருக்கிறது. வலேரியஸ் நெபோஸ் என்பவர் மனம் மாறி, தாம் எழுதிய உயிலில் வாரிசுகளின் பெயர்களை நீக்கிவிட்டு இறந்துபோனார். வாரிசு இல்லாத சொத்து அரசுக்கே சேரும் என்று கருவூலத்தின் வழக்கறிஞர்கள் வாதிட்டார்கள். உயிலில் மற்றவர்களுக்கு எழுதிவைத்த கொடைகளும் இருந்தன. ஓர் அடிமைக்கு விடுதலை தரும் வாசகமும் இருந்தது. அந்த அடிமையின் பெயரும் நீக்கப்பட்டிருந்தது. வழக்கைத் தாமே விசாரித்தவர் பேரரசர் மார்க்கஸ் ஆரேலியஸ். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு யோசித்து, பிறகு அழைத்துத் தீர்ப்புச் சொன்னார். மனிதத்தன்மை கூடிய பொருளை இங்கே கொள்ளலாம்; நெபோஸ் எவற்றை நீக்கினாரோ அவை மட்டும் செல்லாமல் போக வேண்டும் என்றே அவர் விரும்பினார் என்று எடுத்துக்கொள்வோம் என்றார். கொடைகள் நிலைத்தன. பெயர் நீக்கப்பட்ட அடிமைக்கும் விடுதலை கிடைத்தது. நெபோஸ் அந்த உயிலைக் கொளுத்தியிருந்தால் அந்த மனிதருக்கு விடுதலை இல்லை. இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம், ஓர் ஆவணத்தை முழுதாக ஒழிக்காமல் விடுவதில் எத்தனை பேருடைய வாழ்வு தங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

இங்கிலாந்தில் இந்தச் சொல்லைப் பற்றி ஒரு தவறான விளக்கம் நீண்ட காலம் வழங்கியது. 17ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் எட்வர்ட் கோக், சான்சலர் என்ற பெயரே கேன்சல் செய்யும் அதிகாரத்திலிருந்து வந்தது என்று எழுதினார். அரசர் தவறாக வழங்கிவிட்ட உரிமைப் பட்டயத்தின்மேல் கிராதிபோல் கோடிட்டு அதைச் செல்லாததாக்குவதே சான்சலரின் அதிகாரங்களில் தலையானது என்பது கோக்கின் வாதம். அடுத்த நூற்றாண்டில் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோனும் இந்த விளக்கத்தை எடுத்தாண்டார். சொல்வரலாற்றின்படி இது பிழை. சான்சலர் வந்தது மரக் கிராதியிலிருந்து, மைக் கிராதியிலிருந்து அல்ல. ஆனால் கோக் காட்டிய வழக்கம் உண்மையானது. அரசரின் பட்டயங்களைப் படியெடுத்து வைத்த தோல்சுருள்கள் 1201ஆம் ஆண்டிலிருந்து தொடர்ச்சியாக இருக்கின்றன. பட்டயம் திரும்ப ஒப்படைக்கப்பட்டால் சுருளில் அந்தப் பதிவின்மேல் கோடுகள் விழும். பக்கத்தில் காரணம் எழுதப்படும்: ஒப்படைக்கப்பட்டதால், வேறிடத்தில் எழுதப்பட்டதால், இன்னபடி. அந்தப் பதிவுகளை இன்று வரலாற்றாசிரியர்கள் மற்றப் பதிவுகளைப் போலவே படிக்கிறார்கள். அதற்கு நேர்மாறான செயல் ஒன்றும் அந்த நாட்டில் நடந்தது. 1621இல் தம் உரிமைகளை வலியுறுத்தி மக்களவை நிறைவேற்றிய பிரகடனத்தை, அரசர் முதலாம் ஜேம்ஸ் அவைக் குறிப்பேட்டிலிருந்து தம் கையாலேயே கிழித்தெடுத்தார். அதன் வாசகம் அதனால் மறைந்துவிடவில்லை. அரசர் கிழித்தார் என்பதும் சேர்ந்து வரலாறானது.

கிழிப்பதால் ஆவணம் தீராது என்பதைத் தமிழில் மிக அழகாகச் சொன்னவர் சேக்கிழார். 12ஆம் நூற்றாண்டின் பெரியபுராணத்தில், திருமணப் பந்தலுக்கு வந்த முதியவர், சுந்தரரின் பாட்டனார் எழுதித்தந்த ஆளோலையைக் காட்டி, நீ எனக்கு அடிமை என்கிறார். சுந்தரர் துரத்திப் போய் ஓலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. கிழிந்தது படியோலை, மூலவோலை என்னிடம் இருக்கிறது என்கிறார் முதியவர். சபையார் அந்த மூலத்தை வாங்கிப் படிக்கச் செய்து, பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலையோடு எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்பளிக்கிறார்கள். பக்திக் கதைதான். ஆனால் படி, மூலம், கையெழுத்து ஒப்பீடு, பழைய ஓலைகளின் காப்பு என்று ஊர்ச்சபையின் ஆவண நடைமுறை முழுவதும் அதற்குள் இருக்கிறது. ஓர் ஓலையைக் கிழிப்பது ஒருவரின் கோபம். அதைச் செல்லாததாக்கச் சபையால்தான் முடியும்.

நாம் ரத்து என்கிறோமே, அது அரபு மொழியின் ‘ரத்’ என்ற சொல். திருப்பி அனுப்புதல் என்று பொருள். பாரசீகம், இந்துஸ்தானி வழியாக வந்து, கச்சேரித் தமிழில் நிலைத்தது. அதன் வேரிலும் அழிவு இல்லை, திருப்புதல்தான் இருக்கிறது.

பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டங்கள் பழைய கிராதியை நம் அன்றாடத்துக்குள் கொண்டுவந்தன. 5,000 ரூபாய்க்கு மேல் பணம் வாங்கினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்துப் போடுகிறோம். பலரும் இதைப் பற்றுச்சீட்டுக்கு வலு சேர்க்கும் சடங்காக நினைக்கிறார்கள். 1899ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டம் 12ஆம் பிரிவில் இதற்கு வைத்திருக்கும் பெயர் கேன்சலேஷன். வில்லையின்மேல் பெயரோ சுருக்கொப்பமோ ஓடினால், அதைப் பிய்த்து வேறு தாளில் ஒட்ட முடியாது. அவ்வளவுதான் நோக்கம். நீதிமன்றக் கட்டண வில்லைக்கு 1870ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30ஆம் பிரிவு இன்னும் நுணுக்கமானது. வில்லையிலுள்ள தலை உருவத்தைத் துளையிட்டு எடுக்க வேண்டும். தொகை எழுதியிருக்கும் இடத்தைத் தொடக்கூடாது. துளையிட்டு எடுத்த துண்டை எரித்தோ வேறுவகையிலோ ஒழித்துவிட வேண்டும். மறுபடி செலுத்தும் வலு துண்டோடு போகிறது. எவ்வளவு செலுத்தப்பட்டது என்ற சாட்சி தாளில் தங்குகிறது. உலகின் முதல் அஞ்சல் தலையான 1840ஆம் ஆண்டின் கறுப்புப் பென்னிக்கு இந்தப் பாடம் அனுபவத்தில்தான் கிடைத்தது. கறுப்புத் தலைமேல் சிவப்பு மையில் குத்திய முத்திரையைக் கழுவி எடுக்க முடிந்தது. கறுப்பு மையில் குத்தினால் முத்திரை கண்ணுக்குத் தெரியவில்லை. மறு ஆண்டே தலையைச் சிவப்பாக்கி, மையைக் கறுப்பாக்கினார்கள்.

நிலப் பத்திரத்தில்தான் இது உயிர்ப் பிரச்சினையாகிறது. போலிப் பத்திரத்தால் நிலத்தை இழந்தவர் நீதிமன்றத்துக்குப் போனால், 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டம் 31ஆம் பிரிவின்கீழ் அந்தப் பத்திரம் ரத்தாகலாம். அப்போது நீதிமன்றம் தீர்ப்பாணையின் நகலைப் பதிவு அலுவலருக்கு அனுப்பும். அவர் தம் புத்தகத்திலுள்ள பத்திரப் படியில், இது ரத்து செய்யப்பட்டது என்று குறிப்பு எழுதுவார். அவ்வளவுதான். போலி வாசகம் அதே பக்கத்தில் இருக்கும். வில்லங்கச் சான்று எடுத்தால் போலிப் பத்திரமும் வரும். பாதிக்கப்பட்டவர்கள் இதைக் கண்டு மனம் குமுறுவது இயல்பு. அந்தப் பத்திர எண்ணே என் சர்வே எண்ணோடு வரக்கூடாது என்பார்கள். ஆனால் அந்தப் போலிப் பத்திரத்தை நம்பி இன்னொருவர் வாங்கியிருக்கலாம், அதன்மேல் அடமானம் இருக்கலாம். மூலத்தை நீக்கிவிட்டால் அந்தச் சங்கிலியின் மற்றக் கண்ணிகள் எங்கிருந்து வந்தன என்று யாருக்கும் தெரியாமல் போகும். நிலத்தை விற்றவரே பிறகு தனியாக வந்து, விற்பனைப் பத்திரத்தை ரத்து செய்கிறேன் என்று இன்னொரு பத்திரம் பதிவது ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் பெருகியிருந்தது. வாங்கியவருக்குத் தெரியாமலே அவர் உரிமையின்மேல் கோடு விழுந்தது. அப்படி ஒருதலையாக ரத்து செய்ய முடியாது என்று 2011இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது. கோடு போட யாருக்கு உரிமை என்ற கேள்வி, கோட்டைவிடப் பெரியது.

இதே கேள்வியைத்தான் இன்று மனிதர்களை ‘கேன்சல்’ செய்யும் வழக்கத்திடமும் கேட்க வேண்டியிருக்கிறது. சிக் என்ற அமெரிக்க இசைக்குழு 1981இல், காதல் கேன்சலாகிவிட்டது என்ற பொருளில் ஒரு பாட்டு வெளியிட்டது. நியூ ஜாக் சிட்டி என்ற 1991ஆம் ஆண்டுப் படத்தின் வசனத்தில் கேன்சல் செய்யப்படுவது ஒரு பெண். கறுப்பின மக்களின் சமூக ஊடகப் பேச்சில் பரவி, அங்கிருந்து உலகெங்கும் போன இந்த வழக்கை, ஆஸ்திரேலியாவின் மக்வாரி அகராதி 2019இல் ஆண்டின் சொல்லாக அறிவித்தது. அதிகாரமில்லாதவர்கள் அதிகாரமுள்ளவரைப் புறக்கணிக்க இது ஆயுதமானது என்பதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்; நீதிமன்றம் கேட்காத குறைகளைச் சபை கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஆவணத்தை ரத்து செய்யும்போது இருந்த மூன்று காப்புகள் இங்கே இல்லை. யார் ரத்து செய்தார், எந்த நாளில், என்ன காரணத்தால் என்பது ஓரத்தில் எழுதப்படுவதில்லை. அடிபட வேண்டிய ஒற்றை வாக்கியம் எல்லார் கண்ணிலும் நிற்கிறது. அந்த மனிதர் சொன்ன, செய்த மற்றதெல்லாம் படிக்கப்படாமல் போகிறது.

மறுபுறம், மனிதருக்கு மறதி தேவை. பத்திரத்துக்கு அது தேவையில்லை. சமூகக் காப்பீட்டுக் கடனுக்காகத் தம் வீடு ஏலத்துக்கு வந்த பழைய அறிவிப்பு, தம் பெயரைத் தேடும்போதெல்லாம் வருகிறது என்று ஸ்பெயின் நாட்டவர் ஒருவர் முறையிட்டார். 2014இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், அந்த இணைப்பைத் தேடுபொறி நீக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 1998ஆம் ஆண்டு அறிவிப்பை வெளியிட்ட நாளிதழ் அதை அகற்ற வேண்டியதில்லை என்று ஸ்பெயினின் தரவுக் காப்பு அமைப்பு முன்பே முடிவு செய்திருந்தது. ஏடு இருந்தது, பெயர் வழியாக அதற்குப் போகும் பாதை மட்டும் அடைபட்டது.

தமிழ்நாட்டிலும் இந்த வழக்கு வந்துவிட்டது. குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்ட ஒருவர், இணையத்தில் கிடைக்கும் தீர்ப்பிலிருந்து தம் பெயரை மறைக்கக் கோரினார். 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதற்கு இடமில்லை என்றார். 2024 பிப்ரவரியில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு பெயரை மறைக்க உத்தரவிட்டது. அந்த ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. என் சார்பு விடுவிக்கப்பட்டவர் பக்கம். வேலை கேட்டுப் போகுமிடத்திலெல்லாம், தான் செய்யாத குற்றத்துக்கு ஒருவர் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. நீதிமன்றத்திலுள்ள மூலத் தீர்ப்பில் அவர் பெயர் இருக்கட்டும். யார்மேல் என்ன குற்றம் சாட்டப்பட்டது, காவல்துறை எதை நிரூபிக்கத் தவறியது என்பதற்கு அது சாட்சி. பொதுமக்களுக்கு வெளியிடும் படியில் பெயர் வேண்டாம்.